அப்பாவை வெளியேற்றும் ஒத்திகை

சரியாகப் பதினொரு மணிக்கு அபாயமணி அலறியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா தன் தேத்தண்ணியைப் பார்த்தார்.

நோர்வேயில், ரொம்சோஸில் எங்கள் மாடிக் கட்டடத்துக்கு அன்று நெருப்பு ஒத்திகை. மற்ற வீடுகளுக்கு அது விளையாட்டு. எங்களுக்குப் பரீட்சை.

அப்பாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம். ஐந்து நிமிடத்துக்குள் அவரை நாலாம் மாடியிலிருந்து இறக்க முடியாவிட்டால், திங்கட்கிழமையே முதியோர் இல்லத்துப் படிவத்தில் கையெழுத்து என்று ரவி அண்ணா சொல்லிவிட்டார். அப்பா அங்கே போனால் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவும் மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு கிழமையாக ஆயத்தம் செய்தோம். கதவடியில் ஒரு பை. அதில் மருந்துப் பட்டியல், அப்பாவின் புகைப்படம், கம்பளிச் சட்டை, இரண்டு நாளுக்கான குளிசைகள். எல்லாம் தயார். அப்பா மட்டும் தயாரில்லை.

ஆறு முறை பழக்கிப் பார்த்தோம். கெஞ்சினேன், அதட்டினேன், ஐஸ்கிரீம் என்று ஆசைகாட்டினேன். குத்துக்கல் மாதிரி இருந்தார்.

இப்போதும் அப்படித்தான். ஒரு நிமிடம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, குனிந்து, அப்பாவின் காதில் ஏதோ சொன்னார்.

அப்பா துள்ளி எழும்பினார். சப்பாத்தைக் காலில் போடாமல் ஒரு கையில் தூக்கினார். மற்றக் கையால் அம்மாவைப் பிடித்தார். சத்தம் போடாதே என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு ஓடினார்.

நான் பையோடு பின்னால் ஓடினேன். இரண்டாம் மாடியில் ஒரு நோர்வேக்காரத் தம்பதியை முந்தினார்கள். தனக்கு மூட்டுவலி என்பதை அம்மாவே மறந்துபோனார்.

மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. முற்றத்தில் நின்று குதித்தேன். அண்ணாவுக்குப் போன் எடுத்து, படிவத்தைக் கிழிக்கப் போகிறேன் என்று கத்தினேன். அவரும் சிரித்துவிட்டார்.

எல்லாரும் கொடிமரத்தடியில் கூடினார்கள். அப்பா மட்டும் அம்மாவை இழுத்துக்கொண்டுபோய்ச் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்திருந்தார். வெறுங்காலோடு நின்றார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவ்வளவு சந்தோசமாக அவர்களை நான் கண்டதில்லை.

"அப்பிடி என்னம்மா சொன்னனீங்கள்?"

அம்மாவின் முகம் சிவந்தது.

"என்ரை ஐயா பொல்லுத்தடியோடை வாறார், ஓடுவம் வாங்கோ எண்டனான்."

அம்மப்பா செத்து இருபது வருடம். அவர்தான் சாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, ஊரைக் கூட்டி இந்தக் கல்யாணத்தைச் செய்துவைத்தவர் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.