ஓராள் அகலம்

பெஞ்சில் இருந்தவள் முட்டிகளை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டாள்.

மேனேஜர் அறையிலிருந்து நாகஜோதி வந்துகொண்டிருந்தாள். அறைக்கும் மில் முற்றத்துக்கும் நடுவே இருந்த நடை அது. ஒரு பெஞ்சு போட்டதும் மீதி ஓர் ஆள் நடக்கும் அகலம்தான்.

நாகஜோதி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"என் கையெழுத்து இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா."

சுவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். செருப்புச் சத்தம் முற்றத்தைக் கடந்து ஷெட்டுக்குள் மறைந்தது.

ஆறு பேர் ஆயிற்று. ஆறு பேரும் அதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மனுவில் பதினொரு கையெழுத்து. பெண்கள் கழிப்பறைக் கதவுகளின் தாழ்ப்பாள்களைப் போன மாதம் கழற்றிவிட்டார்கள். வேலை செய்யாமல் பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்களாம். அவற்றைத் திரும்ப மாட்டித் தர வேண்டும். அவ்வளவுதான் மனு. ஒரே வரி.

வழிவிட்டவள் ஒரு மாதமாக வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை.

"பொண்ணு பாக்குற மாதிரியில்ல ஒவ்வொருத்தியா கூப்புடுறாரு" என்றாள் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா. "காப்பித் தட்டு ஒண்ணுதான் கொறச்சல்."

மனுவை எழுதியவள் ஸ்டெல்லா. பெஞ்சில் மெல்லச் சிரிப்பு ஓடியது.

குமாஸ்தா கதிரேசன் எட்டிப் பார்த்து ஸ்டெல்லாவின் பெயரைச் சொன்னார். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

சிரிப்பு நின்றது.

பெஞ்சில் இருந்த அவள் தரையைப் பார்த்தாள்.

எதிர்ச்சுவரின் அடியில் ஒரு விரிசல். அதன் வாயில் ஒரு கட்டெறும்பு நின்றிருந்தது. வெளியே சிற்றெறும்புகள். எண்ணி முடியாத சிவப்பு.

விரிசல் ஓர் எறும்பின் அகலம்.

ஒன்று வந்தது. கட்டெறும்பு கவ்வி இரண்டாக்கியது. அடுத்தது வந்தது. அதையும். பின்னால் நின்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறின, சுற்றின, இடம் கிடைக்காமல் காத்திருந்தன. துண்டுகள் வாயில் குவிந்தன.

அவள் மனம் கட்டெறும்பின் பக்கம் இருந்தது. ஒற்றை ஆள். எத்தனை பேரை எதிர்த்து நிற்கிறது.

உள்ளே மேனேஜரின் குரல் கேட்டது. தணிந்த குரல். அவர் யாரையும் திட்டுவதில்லை. அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார். தங்கை என்ன படிக்கிறாள் என்று கேட்பார். பிறகு பேனாவை நீட்டுவார்.

ஸ்டெல்லாவின் குரல் கேட்கவே இல்லை.

ஒரு சிற்றெறும்பு கால் அறுபட்டுப் பின்வாங்கியது. கட்டெறும்பு அதைத் துரத்தியது. ஒரு சாண் தூரம்தான் இருக்கும்.

வெறும் சிமெண்டுத் தரை.

கட்டெறும்பின் ஒவ்வொரு காலிலும் ஒன்று தொங்கியது. கழுத்தில் இரண்டு. அதே தாடை, அதே உடம்பு. அவள் மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்டது.

விரிசலைப் பார்த்தாள்.

இவ்வளவு நேரமும் சண்டை போட்டது அதுதான்.

ஸ்டெல்லா வெளியே வந்தாள். ஐந்து விரல்களாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முட்டிகளைத் தாண்டித் தாண்டி, போய்விட்டாள்.

"அடுத்து நீதானம்மா. வா" என்றார் கதிரேசன்.

எழுந்தாள்.

உள்ளே போனால் அவளும் எழுதிக் கொடுத்துவிடுவாள். அது அவளுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தாள். பெஞ்சில் மீதி இருந்த மூன்று பேரும் முட்டிகளை ஒடுக்கினார்கள். கதிரேசன் பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார்.

முற்றத்தில் வெயிலுக்குக் கண் கூசியது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. ஷெட் சுவரில் கடிகாரம். இரண்டு மணிச் சங்கு ஊத நான்கு நிமிடம் இருந்தது. ஊதினால் ஒரு ஷிப்ட் வெளியே வரும், ஒரு ஷிப்ட் உள்ளே போகும். நானூறு பெண்கள். எல்லாருக்கும் இந்த முற்றம்தான் வழி.

முற்றத்தின் நடுவுக்குப் போனாள். நின்றாள்.

மேனேஜரே நடையின் வாசலுக்கு வந்தார். நிலைப்படிக்கு உள்ளேயே நின்றார்.

"வெயில்ல ஏம்மா நிக்கிற? உள்ள வா. உக்காந்து பேசுவோம்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இங்கயே பேசுங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு படி இறங்கி, இன்னும் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

அவள் முற்றத்துக்குள் இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள்.

"கேக்கல சார்" என்றாள்.