வெள்ளைக் கயிறு

பிரேக் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருடைய தலைக்கு மேலும் ஒரு வெள்ளைக் கயிறு ஓடியது. தவறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், மொத்த லைனும் நின்றுவிடும் என்று புதிய முறையைக் கொண்டுவந்தபோது சொல்லியிருந்தார்கள். யாரும் இழுக்கவில்லை. கிரீஸ் படாத இடமே இல்லாத அந்தக் கூடத்தில் கயிறு மட்டும் சலவைக்குப் போய்வந்த வேட்டிபோல வெளுப்பாகத் தொங்கியது.

அன்று நிரோஷாவின் கைக்கு வந்த பிரேக்கில் மெல்லிய விரிசல். அடுத்ததிலும் இருந்தது.

"எஸ்தரக்கா, இழுக்கட்டுமா?"

பக்கத்து மெஷினில் நின்றவள் பதறினாள். "வேணாம்டி. நீ கான்ட்ராக்ட் ஆளு. நாளைக்கு கேட்டுக்கு உள்ளயே விடமாட்டாங்க."

"இத நம்பி எவனோ புள்ளகுட்டியோட வண்டியில போவான்க்கா."

இழுத்தாள். லைன் நின்றது. எங்கிருந்தோ குழந்தைகளின் பொம்மையில் வருவதுபோல ஒரு பாட்டு ஒலித்தது. கயிற்றுக்குப் பாட்டு உண்டு என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

மேலாளர் பாலகுரு சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். பிரேக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிம்மா," என்றார். "இந்தப் பாட்டு எப்பக் கேக்கும்னு தினமும் காத்துக்கிட்டிருந்தேன். கயித்த விடும்மா, இன்னமும் புடிச்சிக்கிட்டே நிக்கிற."

அவள் கையை எடுத்தாள். கயிற்றில் ஐந்து விரல்களின் கறுப்புத் தடம் இருந்தது.

கோளாறைச் சரிசெய்து லைன் மறுபடி ஓடத் தொடங்கியதும் எஸ்தர் அந்தத் தடத்தையே பார்த்தாள். பிறகு, தன் மெஷினில் மாதக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த திருகைப் பார்த்தாள். கையைத் துடைக்காமலே மேலே நீட்டினாள்.