மருமகனுக்கு இருமல்

"மருமகன் வந்தாச்சுடி, கசாயத்தை இறக்கு."

சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று மூக்கம்மாள் குரல் கொடுத்தாள். பாதை வளைவில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த இருமல் ஓய்ந்து, சற்று நேரத்தில் நல்லமுத்து தலையைக் குனிந்து உள்ளே வந்தான். மனைவி குருவம்மாள் நீட்டிய குவளையை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான்.

"கசக்குதா?"

"ஆடாதோடையும் திப்பிலியும் பின்ன இனிக்கவா செய்யும்?"

"கசந்தாத்தான் கேக்கும்னு சொல்லுடி" என்றது திரை.

மூக்கம்மாள் மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். எதுவானாலும் மகள் வழியாகத்தான். அவன் வாசலுக்கு வரும்போது தரையில் உட்கார்ந்திருக்கவும் மாட்டாள். எழுந்து திரைக்குப் பின்னால் போய்விடுவாள். போடியில் இருந்தபோதும் அப்படித்தான். புருஷன் செத்து, மகளோடு இருக்க உடும்பஞ்சோலைக்கு மலையேறி வந்த பிறகும் அப்படித்தான். வீடு ஒற்றை அறை என்பதற்காக மரியாதையைக் குறைத்துக்கொள்ள முடியுமா?

நல்லமுத்து விறகு எடுக்க வெளியே போனதும் அவள் தொடங்கினாள்.

"மழைக்கு முன்னாடி பிடிச்ச இருமலுடி. இன்னும் விட்டபாடில்ல. நாள் பூரா ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்ல புகைக்குள்ள நின்னா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கும் அதான் ஆத்தா பயம். சயரோகம்னு முதலாளி காதுல விழுந்துச்சுன்னா கீழ இறக்கி விட்டுருவாக. முத்தாத்தா புருசனை அப்பிடித்தான அனுப்புனாக. அப்புறம் கஞ்சிக்கு எங்க போக?"

"கங்காணிகிட்டச் சொல்லி வேற வேலைக்கு மாத்தச் சொல்லு."

"சரி, நீ ஏன் ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே கெடந்த?"

"குளிருடி. எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். கட்டுனவரை மொதல்ல கவனி."

மறுநாள் குருவம்மாள் ஸ்டோருக்குப் போனாள். கங்காணி பெரியமுத்து வாசலில் நின்று, பச்சை ஏலக்காய் மூட்டைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, அவுகளைப் புகையில இருந்து மாத்தி, களையெடுக்க அனுப்புங்க."

"ஏன், ராசாவுக்குப் புகை ஆகலையோ?"

"இருமல், மாமா. வெளிய சொல்லிராதீக."

கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்கு, நல்லமுத்துக்கா? அவன் புகைக்குள்ள நின்னு நாள் பூரா பாட்டுப் பாடுறான். நிப்பாட்டுடான்னு கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு நாளும் அவன் இருமி நான் கேட்டதில்ல. நெசமாவே இருமல்னா சொல்லு, நாளைக்கே ரெண்டு பேரும் மலையிறங்கிக்கலாம்."

"இல்ல மாமா. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்."

அங்கிருந்து நேராக ஸ்டோருக்குப் பின்பக்கம் போனாள். நல்லமுத்து விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"இங்க இருமல் இல்லையாமே. நம்ம வீட்டு வளைவுக்கு வந்தா மட்டும் அப்பிடி இருமுறீக. என்னங்க நடிப்பு இது?"

அவன் கோடாலியைக் கீழே வைத்தான். "கங்காணிகிட்டப் போய்ச் சொன்னியா? இருக்கிற பொழப்பையும் கெடுக்கப் பாத்தியே."

"பயத்துல சொன்னேன். நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. ஒண்ணும் இல்லாம எதுக்கு அந்தக் கசாயத்தைக் குடிக்கிறீக?"

"வேண்டாம்னா இருமல் இல்லைன்னு ஆயிப்போகும்ல."

"ஆனா ஆகட்டுமே."

அவன் பிளந்த விறகை ஓரமாகத் தள்ளினான். பிறகு சொன்னான்: "நான் இருமுற சத்தம் கேட்டா நீ என்ன செய்வ?"

"கசாயம் சுட வைக்க அடுப்புக்கு ஓடுவேன்."

"இன்னைக்கு அடுப்பைப் பாக்காத. உங்காத்தாவைப் பாரு. பாக்குறது அவுகளுக்குத் தெரியக் கூடாது."

"ஆத்தாவையா? ஆத்தாவுக்கு என்ன?"

"பாரு, போ" என்று கோடாலியை எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் மூக்கம்மாள் தரையில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வளைவில் இருமல் கேட்டது. குருவம்மாள் வழக்கம்போல் அடுப்பின் முன் போய்க் குந்தினாள். ஆனால் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள்.

மூக்கம்மாள் முறத்தை ஒதுக்கிவைத்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் முட்டியைப் பிடித்து, பாதி எழுந்தாள். அப்படியே மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு திரும்பவும் எழுந்தாள். அந்தக் குளிரிலும் அவளுக்கு நெற்றி வேர்த்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வோர் அடியாகத் திரைவரை போனாள். வெளியே இருமல் கிட்டே வரவில்லை. வளைவிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

திரையைப் பிடித்தபடி மூக்கம்மாள் முகத்தைத் துடைத்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், மூச்சை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் திரும்புவதற்குள் குருவம்மாள் அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மருமகன் வந்தாச்சுடி, கசாயத்தை இறக்கு" என்றாள் மூக்கம்மாள், எப்போதும்போல் உரக்க.

அந்தக் குரல் கேட்ட பிறகுதான் இருமல் நின்றது. காலடிச் சத்தம் வளைவிலிருந்து வீட்டை நோக்கிப் புறப்பட்டது.