அரை மணிக்கு ஒரு பஸ்

"தம்பி, உங்க ஊர்ல மக்கள்தொகை நாலாயிரத்து இருநூறா?"

பெண்ணின் அப்பா பழனிச்சாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆமா அங்கிள். அது பழைய கணக்கு. இப்ப இன்னும் ஏறியிருக்கும்" என்றான் பெண் பார்க்க வந்திருந்த ஹரிஷ்குமார், கொஞ்சமும் கூசாமல்.

அவன் ஊரான புங்கம்பள்ளத்தில் ஆடு மாடுகளைச் சேர்த்து எண்ணினாலும் நானூறைத் தாண்டாது. தர்மபுரிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் கிடக்கும் ஊர். பஸ்ஸா? மூச்! மெயின் ரோட்டில் இறங்கி ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். "பஸ்ஸே போகாத ஊரா?" என்று கேட்டே இதுவரை ஐந்து பெண் வீட்டார் கைகழுவிவிட்டார்கள். பெங்களூரு பொம்மனஹள்ளியில் சொந்த ஃபிளாட், கை நிறையச் சம்பளம், இருந்து என்ன? முப்பத்து நாலு வயதாகிவிட்டது. முன்மண்டை வேறு வழுக்கைக்கு அவசரப்பட்டது. ஆஸ்டின் டவுனில் இந்த ஆறாவது இடமும் கைவிட்டால், காலம் முழுக்க ஒண்டிக்கட்டைதான் என்று நடுங்கிப்போயிருந்தான்.

அதனால்தான் போன வாரம், தன் ஊரைப் பற்றி இணையத்தில் இருந்த, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கத்தில் கையை வைத்தான். யோசனை சொன்ன புண்ணியவான், நண்பன் சீனு, இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேசரியை வழித்துக்கொண்டிருந்தான்.

"பெங்களூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ்னு போட்டிருக்கே?" பழனிச்சாமியின் குரல் இறங்கியிருந்தது.

நம்பவில்லை போலிருக்கிறதே என்று ஹரிஷுக்குப் பகீரென்றது. "பண்டிகை நாள்னா கால் மணிக்கு ஒண்ணு அங்கிள்!"

"ரயிலு?" என்றாள் பெண்ணின் அம்மா உஷா.

"ஸ்டேஷன் ரெண்டே கிலோமீட்டர் ஆன்ட்டி. ஏறி உக்காந்தா நேரா கன்டோன்மென்ட்தான்" என்று சீனு வாய் நிறையக் கேசரியோடு புளுகினான்.

"ஹௌதா?" என்று, 'அப்படியா' என்பதைக் கன்னடத்தில் இழுத்த உஷா, மகள் முகத்தைப் பார்த்தாள்.

லாவண்யா அப்போதுதான் வாய் திறந்தாள். "ஊர்ல உங்க சொந்தக்காரங்க எவ்ளோ பேரு இருப்பாங்க?"

ஆகா, பெண்ணே கேட்டுவிட்டாள்! ஹரிஷுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாதி ஊரு நம்ம சொந்தம்தாங்க. பெரியப்பா மட்டுமே நாலு பேரு. எல்லாருக்கும் என் மேல உசுரு."

லாவண்யா விருட்டென்று உள்ளே போனாள். பின்னாலேயே பெற்றோரும் போனார்கள். சமையலறையில் குசுகுசுவென்று பேச்சு.

"தேதி குறிக்கிறாங்கடா!" என்று சீனு தொடையில் கிள்ளினான்.

பழனிச்சாமி தனியாகத் திரும்பி வந்தார். "தம்பி, போன் பண்றேன்னு சொல்லி இழுத்தடிக்கிற பழக்கம் எனக்கு இல்ல. உங்கள எல்லாருக்கும் புடிச்சிருக்கு. ஆனா இது சரிப்பட்டு வராது."

"ஏன் அங்கிள்?" என்று ஹரிஷ் எழுந்தேவிட்டான்.

"எங்க பெரியவ அனுஷாவ பஸ் வசதி இருக்கிற ஊர்க்காரருக்குத்தான் குடுத்தோம். மூணு வருஷமா இங்க பெங்களூர்ல அவ வீடு, மாப்பிள்ளை ஊர்க்காரங்களுக்குச் சத்திரமா கெடக்கு. ஆஸ்பத்திரிக்கு நாலு பேரு, பரீட்சைக்கு ரெண்டு பேரு, சும்மா மால் பாக்க ஏழு பேரு! அதப் பாத்துட்டு சின்னவ ஒத்தக் கால்ல நின்னா, 'பஸ்ஸே போகாத ஊர் மாப்பிள்ளையா பாருங்கப்பா'ன்னு. உங்க ஊருக்கு பஸ்ஸே கெடையாதுன்னு புரோக்கர் அடிச்சுச் சொன்னதாலதான் உங்கள வரச் சொன்னோம்."

"அங்கிள், புரோக்கர் சொன்னதுதான் நெசம்!" ஹரிஷ் அலறினான். "எங்க அம்மா மேல சத்தியம்! பஸ்ஸும் இல்ல, ரயிலும் இல்ல, ஊர்ல ஆளே இல்ல அங்கிள்!"

பழனிச்சாமி பரிதாபப்பட்டு அவன் தோளைத் தட்டினார்.

"பொண்ணு கெடைக்கணும்னு பொறந்த ஊரையே இப்படி மட்டம் தட்டலாமா தம்பி? அதான் இன்டர்நெட்லயே போட்டிருக்கானே!"