அழித்தவர் பெயர்

"அழிம்மா, சீக்கிரம்! நம்ம மருந்து ஆய்வைச் சோதிக்க வர்ற கமிட்டி படியேறிடுச்சு," என்று அவசரப்படுத்தினார் பேராசிரியர் தணிகைவேல். அவருடைய கணினித் திரையில், மருந்து பலிக்காத பதினொரு நோயாளிகளின் விவரங்கள் இருந்தன.

ஆய்வு மாணவி எஸ்தர் கையைக் கட்டிக்கொண்டாள். "மாட்டேன் சார்."

"பிஎச்.டி. வேணாமா உனக்கு?"

"வேணும். பொய் சொல்லாம வேணும்."

"பெரிய நீதிபதி!" அவரே அழித்துச் சேமித்தார். "போச்சு. இனி எவன் கண்டுபிடிப்பான்?"

கதவு தட்டப்பட்டது.

"கண்டுபிடிக்கவே வேணாம் சார்," என்றாள் எஸ்தர். "போன மாசம் பயிற்சியில கத்துக்கிட்டு வந்து, உங்க கம்ப்யூட்டர்ல 'கிட்'னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு, தானா பதியுற மாதிரி அமைச்சேனே? ஒவ்வொரு தடவை சேமிக்கிறப்பவும் பழைய விவரம், அழிச்ச நேரம், அழிச்சவர் பேரு எல்லாத்தையும் அது பதிஞ்சு வெச்சுக்கும். அதைப் பார்க்க, காலையிலேயே கமிட்டிக்கு அனுமதி குடுத்துட்டேன்."