சாரம் பிரிக்கிற நேரம்

"ஏம்மா ஃபர்ஹானா, இந்த வீட்டுல ஒரு ஒட்டடைக் கம்புக்குக் கூடவா பஞ்சம்?"

பையைக் கீழே வைப்பதற்குள் சபுரா பீவி ஆரம்பித்துவிட்டாள். படுக்கையில் கிடக்கும் தம்பியைப் பார்க்க நரிக்குடியிலிருந்து பாளையம்பட்டிக்கு வந்திருந்தாள்.

தம்பி முகம்மது சுல்தான் முப்பது வருஷம் துபாயில் சாரம் கட்டியவர். நாற்பது மாடி உயரத்தில் குழாய் மேல் நின்ற மனுஷனைப் பக்கவாதம் கட்டிலில் போட்டு எட்டு மாசம் ஆகிறது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்.

அவர் கட்டிலை ஒட்டிய சன்னலில் சுளகு அகலத்துக்கு ஒரு சிலந்தி வலை. சன்னலுக்கு வெளியே, பொழுது அடையும் முன்பே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"நூலாம்படை கெடக்குற வீட்டுல அல்லாவோட பரக்கத் நிக்குமா? வெயில் போகல, அதுக்குள்ள லைட்டு என்னத்துக்கு?" சபுரா பீவி சுவிட்சை அணைத்தாள்.

"வலை மட்டும் இருக்கட்டும் மாமி" என்றாள் மருமகள்.

"உம் புருஷன் சாதிக் வெளிநாட்டுல கெடந்து ஒழைக்கிறான். அவனப் பெத்த அத்தாவை நீ இப்பிடித்தான் பாத்துக்கிறியா?"

துடைப்பத்தை எடுத்து ஒரே இழுப்பு. வலை போன இடம் தெரியவில்லை. சுல்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

சபுரா பீவி போனை எடுத்தாள். "தங்கபாண்டி, மக்ரிபு தொழுகை முடிஞ்சதும் காரைக் கொண்டு வாப்பா. தம்பியை நரிக்குடிக்கே கூட்டிட்டுப் போறேன். இங்க சரிப்படாது."

"கார் வார வரைக்கும் மாமா பக்கத்துல உக்காருங்க மாமி" என்றாள் ஃபர்ஹானா. தானும் கட்டிலில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. சன்னல் மூலையிலிருந்து புளியங்கொட்டை அளவில் சிலந்தி வந்தது. ஒரு நூலைக் காற்றில் விட்டுவிட்டுக் காத்திருந்தது. நூல் மிதந்துபோய் எதிர்ப் பக்கம் ஒட்டியதும், அதையே பாலமாக்கி நடந்தது. நடுவிலிருந்து கீழே தொங்கி இழுத்துக் கட்டியது. பிறகு வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி எல்லாத் திசைக்கும் நூல். ஒவ்வொன்றையும் காலால் இழுத்து, தொய்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது.

சபுரா பீவியின் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது.

சிலந்தி நடுவில் ஆரம்பித்து வெளி விளிம்பு வரை இடைவெளி விட்டு நாலைந்து சுற்றுப் போட்டது.

"சா... ரம்" என்றார் சுல்தான்.

"ஆமா மாமா, சாரம்தான்" என்றாள் ஃபர்ஹானா, திரும்பிப் பார்க்காமலே. "அது நிக்கிறதுக்குப் போட்ட நூலு மாமி, ஒட்டாது. போன்ல தேடிப் படிச்சேன். இனி வெளியிலேருந்து உள்ள பசை நூலு போட்டுக்கிட்டே வரும். வார வழியில சாரத்தைப் பிரிச்சுத் தின்னுரும்."

அப்படியே நடந்தது. அளவுகோல் இல்லை, மேஸ்திரி இல்லை. காலை நீட்டி அளந்து அளந்து, சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி.

"சுபஹானல்லா" என்றாள் சபுரா பீவி. இத்தனை வயசுக்கு எத்தனை வலையை அடித்திருப்பாள்! ஒன்று கட்டி முடிவதை இன்றுதான் பார்க்கிறாள்.

தம்பியிடம் சொல்லத் திரும்பியவள் திகைத்துப்போனாள். விழுந்த கையின் ஆள்காட்டி விரல் போர்வை மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சிலந்தி சுற்றுகிற பக்கமே அதுவும் சுற்றியது.

"விரலால வட்டம் போடுங்கன்னு பயிற்சி குடுக்கிற பொண்ணு ஆறு மாசம் கெஞ்சுச்சு மாமி. மாமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. இது தெனமும் பொழுது சாய இங்க புதுசாக் கட்ட ஆரம்பிச்ச பெறகுதான் விரலு அசையுது."

சபுரா பீவிக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் ஹாரன் கேட்டது. "நீ போயிட்டு வாப்பா தங்கபாண்டி. தம்பி இங்கதான் இருப்பான்" என்று அனுப்பிவிட்டு வந்தவள், தான் அணைத்த பல்பைத் தானே போட்டாள். பூச்சி வந்தால்தானே அது நாளைக்கும் இங்கே கட்டும்!

"ஏம்மா, இவ்வளவு அழகாக் கட்டியிருக்கு. நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலியே?"

"எட்டுக்கால் பூச்சின்னா எனக்குச் சின்னப் புள்ளையிலேருந்தே உசுரு போயிரும் மாமி" என்றாள் ஃபர்ஹானா. "நான் மாமா விரலை மட்டுந்தான் பாப்பேன்."