முதல் பிடி மண்

கல்லறைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் ஊடே மதிய வெயில் துண்டு துண்டாக விழுகிறது. பிரிஜெட்டின் பெட்டியைக் குழிக்குள் இறக்கிவிட்டுக் கயிற்றை உருவுகிறார்கள். பாதிரியார் ஜெபப் புத்தகத்தை மூடியதும், "குடும்பத்து ஆளுங்க முதல்ல வாங்க, மண்ணு போடணும்" என்கிறார் குழி வெட்டியவர். பிரிஜெட்டின் மகள் நிக்கோல் முன்னால் வருகிறாள். நைரோபியிலிருந்து இங்கே படிக்க வந்து, அவள் பிறக்கும் முன்பே திரும்பிப் போய்விட்ட அப்பா அவளுக்குக் கொடுத்தது அந்த முகமும் சுருண்டு அடர்ந்த முடியும்தான். குழி வெட்டியவர் மரியாதையாகவே கையைக் குறுக்கே நீட்டுகிறார். "மேடம், ப்ளீஸ், ஃபேமிலி ஃபர்ஸ்ட்." இருபத்து நாலு வருஷமாக, இப்படி யாராவது தடுக்கும் இடத்தில் அம்மாதான் பேசிவிடுவாள். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும், யாரும் கேட்பதற்கு முன்பே தோளில் கைபோட்டு, "என் பொண்ணு" என்று சொல்லிவிடுவாள். நிக்கோல் தியோடர் மாமாவைத் திரும்பிப் பார்க்கிறாள். அவர் கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருக்கிறார். சுவருக்கு அப்பால் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போகிறது. அது அடங்கும்வரை நின்று, "நான் அவங்க பொண்ணு, அண்ணா" என்கிறாள். தமிழைக் கேட்டுத் திகைத்தவர் உடனே கையை எடுக்கவில்லை, மாமாவைத்தான் பார்க்கிறார். மாமா நிமிர்ந்து தலையசைத்த பிறகே கை இறங்குகிறது. நிக்கோல் குனிந்து ஈரச் செம்மண்ணை ஒரு பிடி அள்ளிக் குழியின் மேல் நீட்டுகிறாள். விரல்கள் விரிய மாட்டேன் என்கின்றன. பின்னால் வரிசையில் யாரோ செருமுகிறார்கள். "போடும்மா" என்கிறார் குழி வெட்டியவர், தணிந்த குரலில். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.